'எலாப்ஸ்ட் டியூரேஷன்': 'கழிந்த காலம்' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

திட்ட அட்டவணைகளுக்கான இடர் ஆய்வு மென்பொருளின் இறக்குமதித் திரையில் 'எலாப்ஸ்ட் டியூரேஷன்' (இரவு, விடுமுறை பாராமல் 24 மணியும் எண்ணப்படும் கால அளவு) இப்போது 'கழிந்த காலம்' என்று இருக்கிறது. படிப்பவர் அதை 'இதுவரை ஆன நேரம்' என்றே எடுத்துக்கொள்வார். அதற்கு 'ஆக்சுவல் டியூரேஷன்' என்று தனிப் புலமே உண்டு. 'இடைவிடாக் காலம்' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. வேலை நேரத்தை மட்டும் எண்ணும் கால அளவுக்கு 'வேலைநேரக் காலம்'. 'பணிக்காலம்' வேண்டாம், அது சர்வீஸைக் குறிக்கும்.

கான்கிரீட் க்யூரிங்கை, அதாவது கான்கிரீட் இறுகிப் பதமாவதைப் பாருங்கள். இரவு, ஞாயிறு எதற்கும் அது நிற்பதில்லை. திட்ட அட்டவணை மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் 7 எலாப்ஸ்ட் நாள் கொடுத்தால் எக்ஸ்எம்எல் கோப்பில் 168 மணி என்று பதிவாகும். டியூரேஷன்ஃபார்மேட் புலத்தில் 8 இருந்தால் இடைவிடா நாள், 7 இருந்தால் வேலை நாள். அந்த ஒற்றை எண்ணைப் படிக்காமல் 168-ஐ ஒரு வேலை நாளின் 8 மணியால் வகுத்தால் 21 வேலை நாள்! ஒரு வாரத்தில் முடிவது நான்கு வாரத்தைத் தாண்டிவிடும்.

மறுமொழி:

ஐயா, 'இடைவிடாக் காலம்' எனக்குச் சம்மதம். நெடுவரிசை குறுகலானது என்பதால் 'இ.நாள்', 'இ.வாரம்' என்ற குறுக்கங்களும் வேண்டும். 'இ.மாதம்' கட்டாயம் தேவை: அது 30 நாள், 720 மணி. வெறும் 'மாதம்' இயல்பமைவில் 20 நாள், 160 மணிதான்.

இன்னொரு சொல்லும் வேண்டும்: 'நாள்மணி', ஒரு வேலை நாளுக்கு எத்தனை மணி என்பது. பிரைமவெரா என்ற இன்னொரு அட்டவணை மென்பொருளின் எக்ஸ்இஆர் கோப்பில் கால அளவு மணியில்தான் இருக்கும். நாள்மணி ஒவ்வொரு நாட்காட்டிக்கும் (வேலை நாள், வேலை நேர அமைப்புக்கும்) தனி. நாள்மணி 10 என்றால் 80 மணி வேலை 8 நாள். எல்லாவற்றுக்கும் 8 என்று வைத்து 10 நாளாக்கி, அதே நாட்காட்டியில் திரும்பப் பொருத்தினால் 100 மணியாகிவிடும். மணியாகவே வைத்திருந்து, திரையில் காட்டும்போது மட்டும் நாளாக்குவதே சரி.

இணைப்புத் தாமதத்தையும், அதாவது ஒரு வேலைக்கும் அதைத் தொடரும் வேலைக்கும் இடையே விடும் காலத்தையும், விட்டுவிடக் கூடாது. ப்ராஜெக்ட் எக்ஸ்எம்எல்லில் அது நிமிடத்தின் பத்தில் ஒரு பங்கில் இருக்கும்: 7 இ.நாள் என்றால் 1,00,800. நிமிடம் என்று படித்தால் 70 நாள் தாமதம்.

எச்சரிக்கை வரியை இப்படி வைக்கலாமா: "இது இடைவிடாக் காலம். 24 மணி நாட்காட்டி இணைக்கப்பட்டது. இடர்களை அணைத்துவிட்டு, முடிவுத் தேதியை மூலக் கோப்போடு ஒப்பிடுக."

முதலாமவர்:

நன்று. 'இணைக்கப்பட்டது' என்பதற்குப் பதில் 'இணைத்துள்ளோம்' என்று போடுங்கள். 'நாள்மணி'யைச் சொற்பட்டியலில் சேர்த்துவிட்டேன்.