பகிர்ந்த தலைமைத்துவமும் பரவலாக்கப்பட்ட தலைமைத்துவமும் ஒன்றா?

கேள்வி (உப அதிபர், வெள்ளவத்தை)

அனைவருக்கும் வணக்கம். பாடசாலை நிருவாகிகளிடையே காணப்படும் பகிர்ந்த தலைமைத்துவத்தையும் பரவலாக்கப்பட்ட தலைமைத்துவத்தையும் ஒப்பிட்டு முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வொன்றை எழுதுகிறேன். முதல் அத்தியாயத்தைப் பார்த்த மேற்பார்வையாளர், இரண்டு சொற்களையும் ஒரே பொருளில் மாறிமாறி எழுதியிருக்கிறேன் என்று கூறித் திருப்பித் தந்துவிட்டார். எங்கள் பாடசாலையில் அதிபர், உப அதிபர்கள், பகுதித் தலைவர்கள் எனப் பலர் வேலையைப் பிரித்துச் செய்கிறோம். இதனை எந்தப் பெயரால் அழைப்பது?

பதில் (கல்வியியல் விரிவுரையாளர்)

வேலையைப் பிரித்துக் கொடுப்பது வெறும் பணிப் பங்கீடுதான். அதற்கு இந்த இரண்டு பெயர்களுமே பொருந்தா. பகிர்ந்த தலைமைத்துவத்தை, குழுவின் இலக்கை அடைவதற்காக உறுப்பினர்கள் ஒருவரையொருவர் வழிநடத்தும் செல்வாக்குச் செயன்முறை என்று ஆய்வாளர்களான பியர்ஸும் கொங்கரும் 2003 இல் விளக்கினர். எனவே அங்கு ஒரு குழு, ஒரு பொது இலக்கு, உப அதிபரின் சொல்லுக்காக அதிபர் தமது முடிவை மாற்றிக்கொள்ளும் இடம் ஆகிய மூன்றும் வேண்டும்.

பரவலாக்கப்பட்ட தலைமைத்துவமோ ஒரு பார்வைக் கோணம். சிக்காகோவின் ஆரம்பப் பாடசாலைகளை ஆராய்ந்த கல்வி ஆய்வாளர் ஸ்பிலேன், தலைவர்கள், பின்பற்றுவோர், சூழல் ஆகியவற்றின் ஊடாட்டத்தில் உருவாகும் நடைமுறையையே தலைமைத்துவம் என்றார்; அந்தச் சூழலில் படிவம், நேரசூசி, வழமையான கூட்டம் எல்லாம் அடங்கும். ஆகவே வெவ்வேறு நோக்கம் கொண்ட இருவர்கூட ஒரே நடைமுறையின் இரு பாகங்களாக இருக்கலாம்.

குழப்பத்தில் பாதி, ஆங்கிலத்தின் 'distributed' என்ற சொல்லுக்கான நமது மொழிபெயர்ப்பினால் வந்தது என்பேன். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்திலிருந்து அதிகாரப் பரவலாக்கம் என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய நமக்கு, 'பரவலாக்கப்பட்ட' என்றவுடன் மேலிருப்பவர் கீழே கொடுத்தார் என்ற எண்ணமே வருகிறது. கொடுக்காமலே பரவியிருப்பதையும் அந்தக் கருத்து குறிக்கும். 'பரம்பிய' என்று எழுதினால் நன்று.

பதில் (ஓய்வுபெற்ற அதிபர், கொட்டாஞ்சேனை)

விரிவுரையாளர் கூறியதை ரிலீஃப் கொப்பியில், அதாவது பதில் ஆசிரியர்களின் பெயர்களைக் குறிக்கும் கொப்பியில், காணலாம். காலை 7.30க்கு வரவு இடாப்பில் சிவப்புக் கோடு விழுந்ததும், வராத ஆசிரியர்களின் வகுப்புகளுக்கு எனது உப அதிபர் பெயர் எழுதுவார். வகுப்பில் சத்தம் இருக்கக் கூடாது என்பதே அவரது கவலை. ஆசிரியர் அறையின் மூலையில் அமர்ந்திருக்கும் மூத்த கணித ஆசிரியை கொப்பியை எட்டிப் பார்த்து, "பதினோராம் வகுப்பை எனக்குப் போடுங்கோ, கேத்திரகணிதம் இன்னும் முடியேல்லை" என்பார். உப அதிபரும் வெட்டி மாற்றி எழுதுவார். அந்த அம்மையாரை எவரும் எந்தப் பொறுப்புக்கும் நியமிக்கவில்லை. ஆயினும் சாதாரண தர வகுப்புகளின் வெற்றுப் பாடவேளைகள் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் நிரப்பப்பட்டன. நான் அதனைக் கண்டுபிடித்ததே மூன்றாம் ஆண்டில்தான்!

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, சேர். அப்படியாயின் இரண்டையும் ஒரே வினாக்கொத்தினால் அளக்க முடியாதல்லவா?

பதில் (கல்வியியல் விரிவுரையாளர்)

முடியாது. பகிர்ந்த தலைமைத்துவத்துக்கு, குழுவிலுள்ள ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரின் வழிகாட்டலை எவ்வளவு நாடுகிறார் என்று கேட்டு, அந்த வலையமைப்பின் அடர்த்தியை, அதாவது இருக்கக்கூடிய தொடர்புகளில் எவ்வளவு உண்மையில் இருக்கின்றன என்பதை, கணிக்கலாம். பரம்பிய தலைமைத்துவத்துக்கு நேரடி அவதானிப்பும் நாட்குறிப்பும் தேவை. உங்கள் ரிலீஃப் கொப்பியே நல்ல தரவு.

பதில் (ஓய்வுபெற்ற அதிபர், கொட்டாஞ்சேனை)

ஒன்றை மறந்துவிடாதீர்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் எல்லோரும் கூடி முடிவெடுத்தாலும், கணக்காய்வு வினா வரும்போது அது அதிபரின் பெயருக்கே வரும். தலைமைத்துவம் பரம்பியிருக்கும் அளவுக்குப் பொறுப்புக்கூறல் பரம்புவதில்லை. அந்த இடைவெளிக்கு உங்கள் ஆய்வில் ஓர் அத்தியாயமாவது ஒதுக்குங்கள்.