பள்ளி மாவட்டத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய இன்டோர் ஸ்டேடியம்?

டெக்சஸ்_அப்பா:
நாங்கள் டல்லாஸ் பக்கத்தில் கார்லண்டுக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இங்கே கர்டிஸ் கல்வெல் சென்டர் என்று ஒரு பெரிய இன்டோர் ஸ்டேடியம் இருக்கிறது, அது நகராட்சியுடையதல்ல, ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்பான பள்ளி மாவட்டத்துக்கே சொந்தம். வாலிபால், பட்டமளிப்பு, வெளியாட்கள் வாடகைக்கு எடுத்து நடத்தும் கண்காட்சி எல்லாம் ஒரே கூரைக்குள். பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் இப்படிக் கட்டும் வழக்கம் எப்படி வந்தது? வகுப்பறைக்குப் போகவேண்டிய காசா இது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

மூன்றாம்வரிசை:
வேரைத் தேடினால் இந்தியானா மாநிலத்துக்குப் போகவேண்டும் நண்பரே. அங்கே 1911 முதல் 1997 வரை உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரே மாநிலக் கூடைப்பந்துப் போட்டிதான், பெரிய பள்ளி சின்னப் பள்ளி என்ற பிரிவே கிடையாது. 1954-ல் 161 மாணவர்கள் மட்டுமே படித்த மைலன் பள்ளி இறுதிப் போட்டியில் மன்சி சென்ட்ரலை 32-30 என்று ஜெயித்ததை இன்றும் பேசுகிறார்கள். முதல் சுற்றான செக்‌ஷனலை எந்தப் பள்ளியில் நடத்துவது என்பதில் கடும் போட்டி, ஏனென்றால் டிக்கெட் வருமானம், ஊருக்குப் பெருமை இரண்டும் அதில் இருந்தன. இடம் நிறைய இருந்தால் வாய்ப்பும் கூடும், அதனால் பக்கத்து ஊரைவிடப் பெரிதாகக் கட்டிக்கொண்டே போனார்கள்.

அதன் உச்சம் நியூ காசில் என்ற ஊரில் 1959-ல் திறந்த ஃபீல்டுஹவுஸ், அதாவது பள்ளியின் உள்விளையாட்டரங்கம். 9,325 இருக்கைகள், ஊரின் மக்கள்தொகையோ அப்போது சுமார் 20,000! தரையைக் குடைந்து கிண்ணம் மாதிரி கட்டியிருக்கிறார்கள், வாசல் வழியாக நுழைந்தால் கேலரியின் உச்சியில் நிற்போம், ஆடுகளம் கீழே ஆழத்தில் தெரியும். இருக்கைகள் பிறகு கொஞ்சம் குறைந்தாலும் உயர்நிலைப் பள்ளி ஜிம்களில் (உள்விளையாட்டரங்குகளில்) உலகிலேயே பெரியது என்று அதைத்தான் சொல்கிறார்கள். சாதனை வீரர்களைக் கௌரவிக்கும் அருங்காட்சியகமான இந்தியானா கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேம் 1990-ல் அதன் பக்கத்திலேயே வந்து அமர்ந்தது. கூடைப்பந்து பிடித்தவர்கள் அந்தப் பக்கம் போனால் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

பட்ஜெட்_வாசகி:
சகோதரர் கேட்ட பண விஷயத்துக்கு வருகிறேன். டெக்சஸில் பள்ளி மாவட்டத்தின் சொத்து வரி இரண்டு பகுதி. ஒன்று அன்றாட நடப்புச் செலவுக்கு, ஆசிரியர் சம்பளம் அதில்தான் வரும். இன்னொன்று கடனை அடைக்க மட்டும். கட்டடம் வேண்டுமென்றால் பாண்ட், அதாவது கடன் பத்திரம், வெளியிட வாக்காளர்களிடம் அனுமதி கேட்கவேண்டும், அப்படித் திரட்டிய பணத்தில் சம்பளம் கொடுக்க முடியாது, அதனால் வகுப்பறைச் சம்பளத்தைப் பிடுங்கி ஸ்டேடியம் கட்டினார்கள் என்பது சரியல்ல. ஆனால் அதே பாண்டில் புதிய பள்ளியும் கட்டலாம் அல்லவா, எனவே கேள்வி முழுக்கத் தவறும் இல்லை.

உங்கள் ஊர் சென்டர் 2005-ல் திறந்தது. அப்போது பெயர் கார்லண்ட் ஸ்பெஷல் ஈவன்ட்ஸ் சென்டர், பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தவரின் பெயரைப் பிறகுதான் வைத்தார்கள். பல உயர்நிலைப் பள்ளிகள் உள்ள மாவட்டத்தில் ஒவ்வொரு பட்டமளிப்புக்கும் வெளியே மண்டபம் தேடி அலைவதைவிட, சொந்தமாக ஒன்று வைத்துக்கொண்டு மற்ற நாட்களில் வாடகைக்கு விடலாம் என்பது இந்த மாதிரி இடங்களுக்கான வாதம். மாநில வாலிபால் இறுதிச் சுற்றுகளும் அங்கே நடந்திருக்கின்றன. வாடகைக்கு விடுவதில் ஆபத்தும் உண்டு. 2015 மே 3 அன்று வெளி அமைப்பு ஒன்று அங்கே நடத்திய கார்ட்டூன் கண்காட்சியின்போது வாசலில் துப்பாக்கிச் சூடு நடந்தது, தாக்க வந்த இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், காயம்பட்டவர் பள்ளி மாவட்டத்தின் பாதுகாப்புப் பணியாளர்.

2019-க்கு அப்புறம் சட்டம் இறுகிவிட்டது. 1,000 பேருக்கு மேல் உட்காரும் ஸ்டேடியம் என்றால் பள்ளிக் கட்டடத்தோடு சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்கக்கூடாது, வாக்குச்சீட்டில் தனியாக வரவேண்டும், 'இது சொத்து வரி உயர்வு' என்ற வாசகமும் இருக்கவேண்டும். எனக்கு இது மிகவும் பிடித்த மாற்றம், எதற்கு ஓட்டுப் போடுகிறோம் என்று தெரிந்து போடலாம்.

டெக்சஸ்_அப்பா:
ரொம்ப நன்றி இருவருக்கும். கட்டியபின் பராமரிக்க முடியாமல் போன இடம் ஏதாவது உண்டா?

மூன்றாம்வரிசை:
உண்டு, இந்தியானாவிலேயே ஆண்டர்சன் என்ற ஊரில். பழைய ஜிம் 1958-ல் தீப்பிடித்து அழிந்தது, 1961-ல் கிட்டத்தட்ட 9,000 பேர் உட்காரும் விக்வாம் என்ற புதிய ஜிம் எழுந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்தின் ஆலைகள் ஊரையே தூக்கி நிறுத்திய காலம் அது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, மாணவர்கள் குறைந்தார்கள், மூன்று உயர்நிலைப் பள்ளிகள் ஒன்றானது. 1997-98-ல் மாநிலப் போட்டியைப் பள்ளியின் அளவு பார்த்துப் பிரித்ததும் பக்கத்து ஊர்களோடு மோதும் பழைய ஆட்டங்கள் பலவும் போயின, கேலரி காலியானது. கடைசியில் 2011-ல் செலவு தாங்காமல் மாவட்டம் விக்வாமை மூடிவிட்டது.

பட்ஜெட்_வாசகி:
டெக்சஸுக்கும் இது பொருந்தும். கட்டுவது பாண்டில், ஆனால் மின்சாரம், ஏசி, துப்புரவு, காவல் எல்லாம் ஆசிரியர் சம்பளம் வரும் அதே நடப்புக் கணக்கில்தான் ஏறும். உங்கள் மாவட்டத்தின் வருடாந்திர பட்ஜெட் இணையத்தில் இருக்கும், அதில் அந்த சென்டரின் வாடகை வரவையும் நடப்புச் செலவையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விவரம் இல்லை என்றால் பள்ளி மாவட்டத்தின் நிர்வாகக் குழு கூடும் போர்டு மீட்டிங்கில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து கேளுங்கள்.