காய்ந்த சேறு: பெயிண்டில் கீறல் விழாமல் கழுவ என்ன வழி?

சகதிச்சக்கரம்:
வணக்கம். என்னுடையது ஃபோர் வீல் டிரைவ், கருப்பு நிறம். வார இறுதியில் காட்டுப் பாதையில் ஓட்டிவிட்டு வந்தோம், கதவுக் கைப்பிடி வரை சேறு. உடனே கழுவ நேரம் வாய்க்கவில்லை. இப்போது இறுகக் காய்ந்துவிட்டது. போன தடவை வாட்டர் வாஷுக்கு விட்டேன். அங்கிருந்தவர் லேசாகத் தண்ணீர் அடித்துவிட்டு ஸ்பாஞ்சால் தேய்த்துத் தள்ளிவிட்டார். வெயிலில் பார்த்தால் கதவெல்லாம் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடு. அதனால் இந்த முறை நானே கழுவப்போகிறேன். வீட்டில் சின்ன பிரஷர் வாஷர் இருக்கிறது. கிட்டே வைத்து அடித்தால் சேறு மொத்தமும் போய்விடுமா? ஸ்பாஞ்ச் இல்லாமல் கழுவ முடியுமா?

பெயிண்ட் கிறுக்கன்:
கிட்ட வச்சு அடிக்காதீங்க. அதுக்கு முன்னாடி கோடு எப்படி விழுதுன்னு சொல்லிடறேன். சேத்துல இருக்கற மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், கடினத்தை 1-லிருந்து 10 வரை அளக்கற மோஸ் அளவுல 7. உங்க பெயிண்டுக்கு மேல இருக்கற கிளியர் கோட் சாதாரணமா 40, 50 மைக்ரான்தான், மணல் முன்னாடி அது ரொம்ப மென்மை. சேறு ஒட்டியிருக்கறப்போ எதை வச்சுத் தேய்ச்சாலும் உப்புத்தாள் போடற வேலைதான் நடக்கும். துணி மெத்துன்னு இருந்தா மட்டும் பிரயோஜனம் இல்லை.

அதனால முக்கால்வாசி வேலையைக் கை படாம தண்ணீரே செய்யணும். வண்டியை நிழல்ல நிறுத்தி, பானெட் ஆறினதும் சாதாரண ஹோஸ்ல மெதுவா நனைங்க. காய்ஞ்ச சேறு ஒரே தடவையில ஊறாது. நனைச்சு, கொஞ்சம் விட்டு, மறுபடி நனைங்க. நிறம் கருத்து, விளிம்புல தானா வழுக்க ஆரம்பிச்சா ஊறிடுச்சுன்னு அர்த்தம். அவசரத்துல நகத்தால சுரண்டற ஆள் எனக்குத் தெரிஞ்சு நிறையப் பேர் இருக்காங்க!

அப்புறம் பிரஷர் வாஷர். நாசில் (தண்ணீர் பீய்ச்சற முனை) தனித்தனியா வந்தா வெள்ளை நிறத்தை எடுங்க, அது 40 டிகிரி விசிறி. சிவப்பு பூஜ்ஜியம் டிகிரி, அது பெயிண்ட் பக்கமே வரக்கூடாது. சுழல்ற டர்போ நாசிலும் அப்படித்தான். ஓர் அடிக்குக் குறையாத தூரத்துல, சாய்வா, மேலிருந்து கீழ. ஏற்கெனவே கல் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்த இடம் இருந்தா அங்கே நேரா அடிக்காதீங்க, விளிம்புல தண்ணீர் புகுந்து பெயிண்டை உரிச்சுடும்.

அடுத்து ஃபோம், அதாவது கார் ஷாம்பு நுரை. கீழிருந்து மேல போட்டு அஞ்சு நிமிஷம் விடுங்க, காயக் கூடாது. அலசிட்டு உள்ளங்கையை ஈரமான கதவுல லேசா வச்சுப் பாருங்க. நெறுநெறுன்னு தட்டுப்பட்டா இன்னொரு சுற்று ஃபோம். வழுவழுன்னு இருந்தாத்தான் துணியை எடுக்கணும்.

லோ ரேஞ்ச்:
மேலே சொன்னது சரி. ஸ்பாஞ்ச் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம்: அதன் முகம் தட்டை, மணல் உள்ளே போக இடமில்லாமல் பெயிண்டுக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவிலேயே உருளும். நீள நூல் வைத்த மைக்ரோஃபைபர் மிட் (கையில் மாட்டித் தேய்க்கும் உறை) வாங்குங்கள், நூலுக்குள் மணல் ஏறிவிடும். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு பேனல் முடிந்ததும் மிட்டை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் இழுங்கள். கதவின் கீழ்ப்பாதி, பம்பர், ஃபெண்டர் ஓரம் எல்லாவற்றுக்கும் தனி மிட். அது தரையில் விழுந்தால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது.

கண்ணாடியை முதலில் இறக்கிவிடாதீர்கள். ரப்பர் பட்டையில் நிற்கும் மணல் கண்ணாடியைக் கீறும். வைப்பரும் அப்படியே.

பழைய டீசல்:
தம்பி, இவ்வளவு மெனக்கெட வேண்டாம். அடிப்பாகத்துக்கு டீசல் அடிச்சு விட்டா சேறு ஒட்டவே ஒட்டாது. நாங்க எல்லாம் அப்படித்தான் செஞ்சோம்.

லோ ரேஞ்ச்:
அண்ணே, சேறு ஒட்டாமல் இருக்கலாம், ஆனால் சஸ்பென்ஷன் புஷ் ரப்பர் டீசல் பட்டால் ஊதிப் பலமிழந்துவிடும். பிரேக்கில் தெறித்தால் இன்னும் மோசம். வடிகிற டீசல் மண்ணைக் கெடுப்பது தனிக் கதை.

அடிப்பாகத்துக்குத் தண்ணீர் போதும், பொறுமைதான் வேண்டும். சேஸிஸ் துளைகள், மட்ஃப்ளாப் பின்புறம், வீல் ஆர்ச் உள்விளிம்பு மூன்றிலும் சேறு தங்கும். அது ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவைக் கொண்டுவரும். ரேடியேட்டர் மேல் பிரஷர் வாஷரைக் காட்டாதீர்கள், தகடுகள் மடங்கிவிடும். குறைந்த விசையில், முடிந்தால் இன்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளுவது போல அலசுங்கள். ஆல்டர்னேட்டர், வயர் கனெக்டர் பக்கம் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். முடிந்ததும் வண்டியை மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக் அழுத்தி உலர்த்துங்கள்.

ஆற்றில் இறக்கியிருந்தால் டிஃபரென்ஷியல் (அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) எண்ணெயையும் பாருங்கள். சூடான அச்சு சட்டென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, அச்சுக்குள் காற்று போய்வரும் மூச்சுக் குழாய் அடைபட்டோ தண்ணீருக்குள்ளோ இருந்தால் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். எண்ணெய் வெளுத்துப் பால் நிறமாக இருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

சகதிச்சக்கரம்:
அனைவருக்கும் நன்றி. இன்று முழுக்கக் கழுவினேன். ஊறவைத்ததில்தான் அதிக நேரம் போனது, ஆனால் துணி போடும்போது கதவில் ஒரு துகள்கூட இல்லை. பழைய வட்டக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. அதோடு புதுப் பிரச்சினை: கழுவிய பின் ஓட்டினால் வேகம் ஏற ஏற ஸ்டியரிங் ஆடுகிறது. ஏதாவது கெட்டுப்போனதா?

பெயிண்ட் கிறுக்கன்:
ஆட்டத்துக்கு முதல் சந்தேகம் ரிம் உள்பக்கம். வெளியே பளபளன்னு இருக்கும், உள்ள ஒரு பக்கத்துல மட்டும் சேறு அப்பியிருக்கும். சக்கரம் சுத்தறப்போ பேலன்ஸ் போயிடும். டார்ச் அடிச்சுப் பாருங்க.

கோடுகளுக்கு: அந்த இடத்தைத் தண்ணீரால நனைங்க. நனைஞ்சதும் கோடு மறைஞ்சா கிளியர் கோட்டோட நிக்குது, பாலிஷ்ல போயிடும். நகத்தைக் குறுக்கே ஓட்டி, மாட்டினா ஆழம் அதிகம், பாலிஷ் போட்டாலும் முழுசாப் போகாது. ஒண்ணு, ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் தின்னும். காடு சுத்தற வண்டிக்கு மாசாமாசம் போடறது வேண்டாம்.

சகதிச்சக்கரம்:
ரிம்தான். முன் இடது சக்கரத்தின் உள்விளிம்பில் உள்ளங்கை அளவுக்கு இறுகிய சேறு, பேலன்ஸுக்காக எடை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே. நனைத்துப் பிளாஸ்டிக் கரண்டியால் நெம்பி எடுத்தேன், ஆட்டம் நின்றுவிட்டது. கதவில் கோடுகள் நனைத்ததும் மறைகின்றன, ஒன்று மட்டும் நகத்தில் மாட்டுகிறது.

பெயிண்ட் கிறுக்கன்:
அந்த ஒண்ணுக்கு டச்அப் பெயிண்ட் போடுங்க. மத்ததுக்குக் கையால போடற மெல்லிய பாலிஷை முதல்ல ஓர் ஓரத்துல போட்டுப் பாருங்க, நேரா கடினமான காம்பவுண்டுக்குப் போகாதீங்க. அதுக்கு மேல வேக்ஸோ சீலன்டோ பூசி வச்சா அடுத்த தடவை சேறு சீக்கிரமா விட்டு வரும். பாத்திரம் துலக்கற சோப்பு மட்டும் போடாதீங்க, பூசின வேக்ஸைச் சுத்தமா எடுத்துடும்.