மருத்துவ விடுப்பில் ஒரு வருடம் போன பிறகு பி.இ. தொடர்வது: என்னென்ன செய்ய வேண்டும்?

காவிரிக்கரை:
வணக்கம். தம்பி அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. மெக்கானிக்கல் படிக்கிறான். ஐந்தாம் செமஸ்டர் நடுவில் டிப்ரஷன் அதிகமாகி வீட்டுக்கு வந்துவிட்டான். சிகிச்சையில் நன்றாகத் தேறியிருக்கிறான், மாத்திரை தொடர்கிறது. கல்லூரி திறக்கும்போது போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு லீவ் லெட்டரும் மருத்துவச் சான்றும் கொடுத்தோம், வேறு விண்ணப்பம் போடவில்லை. எந்த செமஸ்டரில் சேர்த்துக்கொள்வார்கள்? நோயின் பெயரைக் கல்லூரியில் சொல்லியே ஆக வேண்டுமா? மறுபடி ஹாஸ்டலில் விடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவேடு:
அக்கா, முதலில் கல்லூரி அலுவலகத்துக்கு நேரில் போய் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த லீவ் லெட்டர் கல்லூரி ஃபைலிலேயே தங்கிவிட்டதா, ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’ (அனுமதி பெற்றுப் படிப்பை இடையில் நிறுத்திவைப்பது) என்று பல்கலைக்கழகத்துக்குப் போனதா? மற்றதெல்லாம் இதைப் பொறுத்துத்தான்.

பிரேக் ஆஃப் ஸ்டடிக்கு, அந்த செமஸ்டர் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதிக்குள் கல்லூரி முதல்வர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி பெற்ற ஒரு வருட இடைவெளியால் டிஸ்டிங்ஷன் போகாது. 2021 ரெகுலேஷன்படி (பல்கலைக்கழகத்தின் படிப்பு விதிகள்), அந்த வருடத்தையும் சேர்த்து ஐந்து வருடத்துக்குள், எல்லாப் பாடங்களிலும் முதல் முயற்சியிலேயே தேறி, சிஜிபிஏ 8.50க்குக் குறையாமல் இருந்தால் போதும். விண்ணப்பமே போகவில்லை என்றால், வருகை குறைந்ததால் தேர்வெழுத முடியாமல் போனவர்கள் கணக்கில் அவர் சேர்ந்துவிடுவார். அவர்களுக்கு டிஸ்டிங்ஷன் கிடையாது. பட்டத்துக்கு ஆபத்தில்லை, முடிப்பதற்கு மொத்தம் 14 செமஸ்டர் அவகாசம் இருக்கிறது. (டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் வருடத்தில் சேரும் லேட்டரல் என்ட்ரிக்கு 12.) தாமதமாகிவிட்டது தெரிந்தாலும், அன்று கொடுத்த மருத்துவச் சான்றின் நகலோடு முதல்வரிடம் ஒரு கோரிக்கை மனு கொடுத்துப் பாருங்கள். சான்றில் அப்போதைய தேதி இருப்பது உங்களுக்குப் பலம்.

எந்த செமஸ்டர் என்று கேட்டீர்கள். ஐந்தாம் செமஸ்டர் தேர்வை எழுதாததால் ஐந்திலிருந்தேதான். அது ஒற்றைப்படை செமஸ்டர் என்பதால் வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். மூன்றே மாதத்தில் குணமாகியிருந்தாலும் ஒரு வருடம் காத்திருந்துதான் ஆக வேண்டும், அதனால் ‘சீக்கிரம் அனுப்பியிருக்கலாமோ’ என்று நினைத்து வருந்தாதீர்கள். பழைய இன்டர்னல் மதிப்பெண், வருகை எதுவும் கணக்கில் வராது, எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

பலர் தடுக்கி விழுவது ரெகுலேஷனில். திரும்பி வரும்போது என்ன விதி நடப்பில் இருக்கிறதோ அதற்குள்தான் வருவார். ஜூனியர் பேட்ச் வேறு ரெகுலேஷனாக இருந்தால் சில பாடங்களுக்குச் சமானம் பார்ப்பார்கள், அவர் படிக்காமல் விட்ட பாடங்களைக் கூடுதலாக எழுதச் சொல்வார்கள். அந்தப் பட்டியலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி இருந்தால், எட்டாம் செமஸ்டரில் கிரெடிட் கணக்குப் போடும்போது ஒரு பாடம் பாக்கி என்று தெரியவரும்.

மறுசேர்க்கை விண்ணப்பம் முதல்வர் வழியாகத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும், பல்கலைக்கழகத்தில் சென்டர் ஃபார் அகாடமிக் கோர்ஸஸ் பிரிவுக்கும் போகும். இதுவரையிலான மார்க் ஷீட் நகல்கள், கடைசி செமஸ்டரின் வருகைச் சான்று, சிகிச்சைச் சான்று, உடற்தகுதிச் சான்று இவற்றைத் தயாராக வையுங்கள். திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. ஆர்டர் வந்து பெயர் ஏறும் வரை வருகைப் பதிவு சிக்கலாகவே இருக்கும். இடைவெளியில் யார் சொன்னாலும் டிசி மட்டும் வாங்கிவிடாதீர்கள். கல்லூரி தன்னாட்சி பெற்றது என்றால் அவர்களுடைய சொந்த ரெகுலேஷன் புத்தகத்தைப் பாருங்கள், எண்கள் மாறும்.

நலம்_நாடி:
மருத்துவப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

நோயின் பெயரை எல்லோரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. இப்போது தேவைப்படும் தகுதிச் சான்றில் ‘என் சிகிச்சையில் இருந்தார், இன்ன தேதி முதல் படிப்பைத் தொடரத் தகுதியானவர்’ என்று எழுதி, டாக்டரின் பதிவு எண், கையெழுத்து, முத்திரை இருந்தால் பெரும்பாலும் போதும். அதற்கு மேல் முதல்வர் விவரம் கேட்டால், மூடிய உறையில் கொடுக்கலாம். ஆனால் ஒரே ஒருவருக்காவது முழு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மாணவர்களுக்கு வழிகாட்ட ஒதுக்கப்படும் ஆசிரியரான ஃபேகல்டி அட்வைசர் பொருத்தமான ஆள். யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதைத் தம்பியே முடிவு செய்யட்டும். அவருக்குத் தெரியாமல் நீங்கள் போய்ச் சொன்னால், பிறகு உங்களிடமே எதையும் சொல்ல மாட்டார்.

மாத்திரை விஷயத்தில் கவனமாக இருங்கள். நன்றாக இருக்கிறோம் என்ற தெம்பில், அதுவும் ஹாஸ்டலுக்குப் போன புதிதில், நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. டிப்ரஷன் குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடரச் சொல்வார்கள், சிலருக்கு இன்னும் நீளும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரும், நோயும் திரும்பலாம். இரவு மாத்திரையால் காலையில் எழ முடியாமல் முதல் பீரியட் போகிறது என்றால், மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். சாப்பிடாமல் விடுவது வழியல்ல. இந்தப் பேச்சைக் கல்லூரி திறக்கும் முன்பே, கடைசி ரிவ்யூவில் முடித்துவிடுங்கள்.

கல்லூரி வேறு ஊரில் என்றால், அங்கே ஒரு டாக்டரையோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவையோ முன்கூட்டியே பார்த்து வையுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் ஓ.பி. உண்டு, மருந்து இலவசம். காலையிலேயே சீட்டு வாங்க வேண்டும் என்பதால் அரை நாள் போகும். எந்தக் கிழமை என்று விசாரித்து, லேப் இல்லாத நாளாகப் பாருங்கள். இதுவரை கொடுத்த மருந்துகள், அளவுகள் எல்லாம் ஒரு தாளில் இருந்தால் புது டாக்டர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இரவில் மனசு கனத்தால் 14416க்குப் போன் செய்யலாம். இது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்று 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். இப்போதே அவர் போனில் பதிந்து வையுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சின்னவை. மெஸ்ஸுக்குப் போவது குறையும், முதல் பீரியட் தொடர்ந்து போகும், மாத அட்டையில் தேதிக்கு மேல் மாத்திரை மிச்சம் இருக்கும், போனில் ‘ம்’ மட்டும் வரும். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அடுத்த ரிவ்யூ வரை காத்திருக்க வேண்டாம். வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள், மாத்திரைகளைக் கைக்கு எட்டாமல் எடுத்துவிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், வண்டி இல்லை என்றால் 108. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நாமே நேராகக் கேட்டால் அதைத் தூண்டிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். கேட்பது காப்பாற்றும்.

விடுதி_வாசி:
ஹாஸ்டலில் விடலாம், ஆனால் ரூம் யாரோடு என்பது பெரிய விஷயம். அவருடைய பழைய நண்பர்கள் இப்போது ஃபைனல் இயர், பிளேஸ்மென்ட், புராஜெக்ட் என்று ஓடுவார்கள். அவர்களோடு ரூம் கொடுத்தால் பகல் முழுதும் தனியாக இருப்பார், வகுப்பிலும் ஒட்டமாட்டார். இப்போதைய ஐந்தாம் செமஸ்டர் பையன்களோடு கேளுங்கள். ஒற்றை ரூம் கண்டிப்பாக வேண்டாம். ஒரு மணிக்கு விளக்கணைக்கும் ரூமில் இவர் பத்தரைக்குப் படுக்க முடியாது, வார்டனிடம் அதை முதலிலேயே சொல்லி வையுங்கள். தூக்கத்துக்கு டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றால் போதும், வேறு காரணம் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வாரத்தில் மூன்று இடத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்: வகுப்பு வாட்ஸ்அப் குழு, லேப் பேட்ச், அசைன்மென்ட் டீம். ரோல் நம்பர் வரிசையில் பேட்ச் பிரிப்பதால் பழைய நம்பர்காரர்கள் விடுபட்டுப் போவது வழக்கம். ரெக்கார்டு நோட்டு முதல் வாரத்திலிருந்தே கையெழுத்து ஆக வேண்டும், விட்டால் மாடல் லேப் சமயத்தில் கழுத்தைப் பிடிக்கும்.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் மிக்க நன்றி. அலுவலகத்தில் கேட்டேன், லெட்டர் கல்லூரியிலேயே நின்றுவிட்டதாம். மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். இன்னும் இரண்டு கேள்வி. ரிவ்யூவுக்குப் போகும் நாட்களால் வருகை குறையாதா? கல்விக் கடன் இருக்கிறது, அதற்கு என்ன செய்வது?

பதிவேடு:
செமஸ்டருக்குச் சுமார் 75 வேலை நாள் என்று வைத்தால், தேர்வெழுதத் தேவையான 75 சதவீத வருகைக்கு 18 நாள் வரை விடலாம். மாதம் ஒரு ரிவ்யூ அதில் அடங்கிவிடும். 65க்கும் 75க்கும் இடையில் வந்தால், நீண்ட மருத்துவமனை சிகிச்சை, விபத்து, குறிப்பிட்ட நோய் ஆகிய காரணங்களுக்குச் சான்றின் பேரில் விலக்கு உண்டு, 65க்குக் கீழே எதுவும் எடுபடாது. கணக்கு பீரியட் வாரியாகப் போகும். காலையில் இரண்டு பீரியட் விட்டாலும் அது சேர்ந்துகொண்டே போகும், ஆகவே மாதம் ஒரு முறை சதவீதத்தைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ரிவ்யூவுக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் ஓ.பி. சீட்டு நகலை அன்றன்றே கொடுத்துவிட்டு, இன்னொரு நகலைக் கையில் வையுங்கள். மொத்தமாகக் கடைசியில் கொண்டுபோனால் ஏற்கமாட்டார்கள்.

சுமை தாங்கவில்லை என்றால் ஓரிரு பாடங்களை, 6 கிரெடிட்டுக்கு மிகாமல், அந்த செமஸ்டரில் எடுக்காமல் விட 2021 ரெகுலேஷனில் இடமுண்டு. வகுப்பு தொடங்கும்போதே பதிவில் சொல்ல வேண்டும். வருகை சரியாக இருந்தும் தேர்வு நேரத்தில் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் வித்ட்ராயல், அதாவது அந்தத் தேர்விலிருந்து விலகிக்கொள்ள அனுமதி, கேட்கலாம். அது படிப்புக் காலம் முழுவதற்கும் ஒரே ஒரு செமஸ்டருக்குத்தான், பார்த்துப் பயன்படுத்துங்கள்.

கடனுக்கு, மறுசேர்க்கை ஆர்டர் நகலோடும் புது போனஃபைட் சான்றோடும் (இங்கே படிக்கிறார் என்று கல்லூரி தருவது) கிளை மேலாளரைப் பாருங்கள். படிப்பு முடியும் தேதியைத் திருத்தாவிட்டால் பழைய தேதிப்படி தவணை தொடங்கிவிடும், கட்டாத தவணை சிபில் மதிப்பெண்ணைக் கெடுக்கும். மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், குறித்த காலத்தில் முடிக்க முடியாதவர்களுக்கு அதிகபட்சம் இரண்டு வருடம் வரை நீட்டிப்புக்கு வழி இருக்கிறது. மனுவை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.