வேன் சுவரில் ஒட்டிய ரெக்சின் வெயிலில் பிரிந்து தொங்குகிறது, என்ன செய்யலாம்?

கூண்டுவண்டி_கோவை:
வணக்கம். பழைய ஃபோர்ஸ் டிராவலர் டெலிவரி வேன் ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை பார்த்து, படுக்கை, அடுப்பு மேடை எல்லாம் போட்டு கேம்பர் மாதிரி ஆக்கிவிட்டேன். (ஆர்டிஓ அனுமதி முதலிலேயே வாங்கியாச்சு, அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.) சிக்கல் பக்கச் சுவரில்தான். 4 மி.மீ. பிளைவுட், அதன் மேல் 10 மி.மீ. ஃபோம், அதற்கு மேல் பழுப்பு ரெக்சின். எல்லாமே காண்டாக்ட் பசை போட்டு ஒட்டியது, ஸ்டேப்ளர் பின் ஒன்றுகூட இல்லை. தை மாதம் முடித்தபோது பார்க்கிறவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். சித்திரை பிறப்பதற்குள் ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது, ஜன்னல் வளைவில் ரெக்சின் தனியாக எழும்பிக் கூடாரம் போட்டு நிற்கிறது, இழுத்துப் பார்த்தால் பசை பாகு மாதிரி நூல் நூலாக வருகிறது. வேறு நல்ல பசை வாங்கி மறுபடி ஒட்டினால் நிற்குமா, இல்லை பலகையையே கழற்றணுமா? "பெயின்ட் அடிச்சிட்டுப் போவீங்களா" என்கிறார் வீட்டில்.

குஷன்கடை_மதுரை:
தம்பி, எந்தப் பசை வாங்கினாலும் அடுத்த சித்திரைக்கு இதே கதைதான். ரெக்சின் மெத்தென்று இருப்பதற்கு அதில் ஒரு எண்ணெய் கலந்திருப்பார்கள். சூடு ஏற ஏற அது மெல்லக் கசிந்து ரப்பர் பசைக்குள் இறங்கிப் பசையை இளக்கிவிடும், நீங்கள் சொன்ன பாகு அதுதான். பின்பக்கம் துணி ஒட்டிய ரெக்சின் என்றால் கொஞ்ச நாள் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். வெயிலில் பூட்டி நிற்கிற வண்டியின் தகரத்தில் கையை வைத்துப் பாருங்கள், புரியும்.

அதனால் பசை வேலை பலகையோடு ஃபோமை ஒட்டுவதோடு முடிந்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, கையில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு அழுத்தணும். ஈரத்தோடு ஒட்டினால் உள்ளே ஆவி மாட்டிக்கொண்டு குமிழ் கிளப்பும். ரெக்சினை இழுத்துப் பின்பக்கம் 2 அங்குலம் மடித்துப் பின் அடிக்க வேண்டும். இங்கே உங்கள் 4 மி.மீ. பலகை உதைக்கும், ஏனென்றால் 6 மி.மீ. பின் அடித்தால் முன்னால் முளைத்து ரெக்சினைக் குத்தும். பலகையை மாற்ற மனசில்லை என்றால், பின்புறம் ஓரம் முழுக்க 2 அங்குலத்துக்கு இன்னொரு பிளைவுட் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள், பின் அதில் இறங்கட்டும்.

அடிக்கும்போது ஒரு மூலையில் தொடங்கி அப்படியே சுற்றி வராதீர்கள், கடைசி மூலையில் சுருக்கம் வந்து சேரும். நாலு பக்கமும் நடுவில் ஒவ்வொரு பின், அப்புறம் எதிரெதிராக மூலையை நோக்கிப் போக வேண்டும். ஜன்னல் ஓட்டைக்கு மட்டும் உள்ளிருந்து கீறல் கீறலாக வெட்டினால்தான் ரெக்சின் வளைந்து கொடுக்கும், ஆனால் கத்தி பலகை ஓரத்துக்கு 5 மி.மீ. முன்னாலேயே நிற்கணும். வெளி மூலையில் வெட்டக் கூடாது, மடிப்புதான். வேலைக்கு முன் ரெக்சினைக் கொஞ்ச நேரம் வெயிலில் விரித்து வையுங்கள், சொன்ன பேச்சு கேட்கும்.

மலையேறி:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் தண்ணீரை யாரும் பேசவில்லை. ஊட்டியில் ஒரு ராத்திரி இரண்டு பேர் வண்டிக்குள் படுத்தால் காலையில் தகரத்தின் உள்பக்கம் முழுக்க வியர்த்திருக்கும். அந்தத் தண்ணீர் பலகைக்குப் பின்னால்தான் இறங்கும். என் முதல் வண்டியில் பிளைவுட்டின் பின்பக்கத்தை அப்படியே பச்சையாக விட்டுவிட்டேன், ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணம், வண்டிக்குள் ஈரச்சாக்கு வாசனை. எல்லாப் பக்கமும், வெட்டிய ஓரம் உட்பட, இரண்டு கோட் வார்னிஷ் அடியுங்கள். தகரத்தில் ஒட்டுகிற ஃபோம் தண்ணீர் குடிக்காத கருப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட்டாக இருக்கட்டும், சோபா ஃபோம் பஞ்சு மாதிரி உறிஞ்சும். கதவின் அடியில் இருக்கிற வடிகால் ஓட்டைகளை எதையும் திணித்து அடைத்துவிடாதீர்கள். பலகை மாட்டும் முன் ஹோஸ் வைத்து ஜன்னல் ரப்பரைச் சுற்றிப் பீய்ச்சிப் பாருங்கள்.

திருகாணி போடாமல் கிளிப்பில் மாட்டுங்கள், ஒயர் பார்க்கக் கழற்ற வேண்டி வரும். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கார் கதவு கிளிப் கை நிறையக் கிடைக்கும். ஓட்டை எங்கே போடுவது என்று குழம்பாமல், கிளிப் முனையில் சாந்துப் பொட்டு தொட்டுப் பலகையைத் தகரத்தில் ஒரு அழுத்து அழுத்தினால் இடம் தெரிந்துவிடும். கிளிப்புக்கு நடுவில் ஒட்டுத்துணிப் பட்டை வையுங்கள், இல்லையென்றால் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுக்கும் பலகை கடகடவென்று தாளம் போடும்.

ஒண்டிக்கட்டை:
எதற்கு இவ்வளவு பாடு? இங்கிலாந்தில் ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் வைத்திருப்பவர்கள் நாலு பக்கமும் இழுபடுகிற மெல்லிய கார்ப்பெட் துணியைச் சூடு தாங்கும் ஸ்பிரே பசையில் அப்படியே ஒட்டுகிறார்கள். வளைவு, பள்ளம் எல்லாவற்றிலும் உட்காரும், மடிப்பே வராது. ஃபோமும் வேண்டாம், தையலும் வேண்டாம்.

குஷன்கடை_மதுரை:
சக்கர வளைவுக்கு அது நல்ல யோசனைதான், ரெக்சின் அங்கே எப்படியும் அழும். சுவர் முழுக்க என்றால் நம் ஊர்ப் புழுதிக்கு மூன்றாவது மாதமே சாம்பல் நிறமாகிவிடும், ரெக்சினை ஈரத்துணியால் துடைத்தால் போச்சு. இன்னொன்று தம்பி, அடுப்புப் பக்கத்தில் இரண்டுமே வேண்டாம், அங்கே அலுமினியத் தகடு போடுங்கள். வண்டி உள்பக்கப் பொருளுக்குத் தீ பரவும் வேகம் பார்க்க ஐஎஸ் 15061 என்று ஒரு இந்தியத் தரம் இருக்கிறது, வாங்கும்போது கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் ஒரு துண்டு வாங்கி, வெட்டவெளியில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு கொளுத்திப் பாருங்கள். சோபா ஃபோம் எரிகிற வேகத்தைப் பார்த்தால் அப்புறம் அதன் கிட்டே அடுப்பு வைக்க மாட்டீர்கள்.

கூண்டுவண்டி_கோவை:
எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு பலகையை மட்டும், வெயில் நேராக அடிக்கிற வலப்பக்கத்துப் பலகையை, பின்னால் பட்டை ஒட்டிப் பின் அடித்துச் செய்து பார்த்தேன். ரெக்சின் தோல் மாதிரி விறைப்பாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் மாட்டப் போனால் பலகை இடத்துக்குள் நுழையவே இல்லை! ரெக்சினும் ஃபோமும் மடிந்த தடிமனைக் கணக்கில் எடுக்காமல் பழைய அளவிலேயே விட்டிருக்கிறேன். பின்னையெல்லாம் பிடுங்கி, சுற்றிலும் 3 மி.மீ. இழைத்து, மறுபடி அடித்தேன், ஒரு ஞாயிறு போச்சு. மாட்டி மூன்று வாரம் ஆகிறது, மொட்டை வெயிலில்தான் நிறுத்துகிறேன், ஓரம் அசையவில்லை. மிச்சம் ஐந்து பலகை இருக்கிறது. கிளிப்புக்குச் சாந்து கேட்டதற்கு வீட்டில் சிரித்தார்கள், ஆனால் ஒரு ஓட்டைகூடத் தப்பவில்லை.