'பேம்பூஸில்' என்றால் என்ன? எங்கிருந்து வந்தது?

வெள்ளைக்காகம்:
ஆங்கிலத்தில் 'பேம்பூஸில்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஏமாற்றுவது என்று அகராதி சொல்கிறது, ஆனால் எழுதுகிறவர்கள் எல்லாம் கேலியாகத்தான் எழுதுகிறார்கள். பெரிய மோசடிக்கும் இதைச் சொல்லலாமா? பேம்பூ என்று வருவதால் மூங்கிலுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

அரைப்பக்கம்:
பேசிப் பேசியே குழப்பி, எதிராளி தலைசுற்றி நிற்கும்போது காரியத்தை முடித்துக்கொள்வதுதான் பேம்பூஸில். காதில் பூ சுற்றுவது என்கிறோமே, ஏறக்குறைய அது. பந்தை எறிவதுபோல் கையை வீசிவிட்டுப் பந்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டால், நாயை பேம்பூஸில் செய்துவிட்டீர்கள். மோசடிக்கும் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் போலீஸ் புகாரில் எழுதினால் படிக்கிறவர் சிரித்துவிடுவார்.

ஓலைச்சுவடி:
மூங்கிலுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. 1700 வாக்கில் இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்த கொச்சைச் சொல் இது. 1710இல் எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் 'டாட்லர்' பத்திரிகையில் ஆங்கிலத்தைக் கெடுக்கும் புதுச்சொற்கள் என்று சிலவற்றைப் பிடித்துத் திட்டினார், அதில் இதுவும் மாட்டிக்கொண்டது. அதே கட்டுரையில் 'மாப்' (கும்பல்), 'பேன்டர்' (கிண்டல் பேச்சு) என்ற இரண்டு சொற்களையும் தடுக்கச் சில வருஷமாகப் பாடுபட்டும் ஆள்பலத்தில் தோற்றுப்போனேன் என்று புலம்புகிறார், பாவம். இன்றைக்கு 'மாப்' என்ற சொல் இல்லாமல் ஆங்கிலச் செய்தித்தாள் நடத்த முடியுமா? 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதியும் பேம்பூஸிலைச் சேர்த்துவிட்டு, நல்ல எழுத்தில் வராத மட்டமான சொல் என்று கூடவே ஒரு குட்டு வைத்தது.

மூலம் உறுதியாகவில்லை. எத்தர்களின் குழூஉக்குறியாக இருந்திருக்கலாம் என்பது ஓர் ஊகம். பிரெஞ்சில் 'ஆம்பாபுய்னே' என்று ஒரு வினைச்சொல் உண்டு, பபூன் குரங்கின் பெயரிலிருந்து வந்தது, ஆளைக் குரங்காக்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வந்ததாகவும் சொல்கிறார்கள்.

அரைப்பக்கம்:
குரங்குக் கதை ரொம்பக் கச்சிதமாகப் பொருந்துகிறது, அதனாலேயே எனக்குச் சந்தேகம். சொல்லின் பிறப்பைப் பற்றி யாராவது சுவையான கதை சொன்னால் கொஞ்சம் தள்ளியே நிற்பேன். எனக்குக் குழூஉக்குறிதான் சரியாகப் படுகிறது.

வெள்ளைக்காகம்:
நன்றி இருவருக்கும். அப்புறம், யாருமே ஏமாற்றாத இடத்தில்கூட 'ஐ வாஸ் பேம்பூஸில்டு' என்று எழுதுகிறார்களே, அது?

ஓலைச்சுவடி:
அங்கே வெறும் குழப்பம்தான். ஒன்றும் புரியாமல் முழித்தேன் என்று அர்த்தம். கஷ்டமான கணக்கைப் பார்த்தும் அப்படிச் சொல்லலாம்.