மறு: ஐநாஸ்: ‘தூண்டல் நொதி’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

நரம்பிழைகளின் மயலின் உறையை அழற்சி அரிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கான சொற்பட்டியலில் ஐநாஸுக்கு (iNOS, inducible nitric oxide synthase: நைட்ரிக் ஆக்சைடு வாயுவை ஆக்கும் நொதிகளுள் ஒன்று) ‘தூண்டல் நொதி’ என்று போட்டிருக்கிறது. மின்காந்தத் தூண்டல் பழகிய கை எழுதியது போலும். நைட்ரிக் ஆக்சைடை ஆக்கும் நொதிகள் மூன்று. நரம்பணுவில் இருப்பதும் குருதிக்குழாய் உட்சுவரில் இருப்பதும் எப்போதும் தயார் நிலையில் உள்ளவை. கால்சியம் ஏறினால் அதை உணரும் புரதமான கால்மோடுலின் ஒட்டும், வேலை தொடங்கும், இறங்கினால் நிற்கும். தூண்டப்படுபவை என்றால் இவைதான்! ஐநாஸோ முன்பு இல்லாத நொதி. இன்டர்ஃபெரான்-காமா, டிஎன்எஃப்-ஆல்ஃபா முதலிய அழற்சிச் செய்திப் புரதங்கள் மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவை எட்டி, மரபணு படியெடுக்கப்பட்டு, சில மணி நேரம் கழித்தே பிறக்கிறது. கால்மோடுலின் அதனோடு இறுகப் பிணைந்திருப்பதால் கால்சியம் குறைந்தாலும் ஓயாது. மூலப்பொருளான ஆர்ஜினின் கிடைத்துக்கொண்டிருக்கும் வரை நாள்கணக்கில் ஓடும். ‘வருவிப்பு நொதி’ எனலாமா?

---

ஐயா,

> வருவிப்பு நொதி

‘சூத்திரத்தை வருவி’ என்று கணக்குப் பாடத்தில் படித்த மாணவர் தடுமாறுவார். ‘வரவழை நொதி’ என்றால் விளக்கமே வேண்டாம்: அழற்சி அழைத்தது, நொதி வந்தது. ‘நச்சாக்கி’ என்று இன்னொருவர் தந்ததை மட்டும் ஏற்காதீர்கள். ஐநாஸ் மரபணு நீக்கிய எலிகளில், இந்நோயின் மாதிரியாக உண்டாக்கும் மூளை அழற்சி கடுமையாகிறது. நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி-செல்களின் பெருக்கத்தை நைட்ரிக் ஆக்சைடு அடக்குவதும் இதற்கு ஒரு காரணம். பெயரிலேயே தீர்ப்பு எழுதக் கூடாது.

---

‘வரவழை’க்கு என் வாக்கும். அதைவிட அவசரமானது ஒன்று. ‘கடத்தல் தடை’, ‘இழைச்சிதைவு’ இரண்டையும் பட்டியல் ஒரே வரியில் ‘நரம்புப் பாதிப்பு’ என்று மூடிவிட்டது. முன்னது, நரம்பிழையில் செய்தி ஓடாமல் நிற்பது; நைட்ரிக் ஆக்சைடு வாயு விலகினால் மீளும். மயலின் இழந்த இழைகளில் எளிதில் வரும். பின்னது, இழையே அழிவது; மீளாது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நொதியில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை நைட்ரிக் ஆக்சைடு பிடிக்கிறது. ஆற்றல் மூலக்கூறான ஏடிபி குறைந்து, சோடியத்தை வெளியேற்றும் பம்பு தளர்கிறது. உள்ளே சோடியம் தேங்கியதும் சோடியம்-கால்சியம் மாற்றி தலைகீழாக ஓடிக் கால்சியத்தை உள்ளே கொட்டுகிறது. அதன் பிறகுதான் இழை அறுகிறது. 2001-இல் வெளியான லண்டன் ஆய்வில், வாயுபட்ட எலி நரம்பிழைகளில் ஓய்வாக இருந்தவை தேறின. விநாடிக்கு 50, 100 முறை துடிக்கவிட்டவை சிதைந்தன. சோடியம் நுழையும் வாய்களை அடைக்கும் ஃப்ளெக்கனைடு மருந்து இழைகளைக் காப்பதும் இதனால்தான். இரு சொல் இல்லாமல் இதை எப்படி எழுதுவது?

‘பெராக்சிநைட்ரைட்’ என்ற சொல் அப்படியே இருக்கட்டும். நைட்ரிக் ஆக்சைடும் சூப்பராக்சைடும் கூடிப் பிறப்பது. மயலினை உண்டாக்கும் ஆலிகோடெண்ட்ரோசைட் செல்களைத் தாக்குவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

பட்டியலில் ஓரிடத்தில் ‘நைட்ரிக்’ என்பதற்குப் பதில் ‘நைட்ரஸ்’ என்று இருக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடு சிரிப்பூட்டும் வாயு. வைட்டமின் பி12-ஐச் செயலிழக்கச் செய்து, இதே நோயோ என்று மயங்கவைக்கும் தண்டுவடச் சிதைவைத் தரும். அச்சுக்குப் போகுமுன் திருத்துங்கள்.